மூன்று வெக்டர், ஒரு மேட்ரிக்ஸ்: எந்த எண் எந்த பிரேமுக்குப் போகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையின் லேபில் இருக்கிறீர்கள். 40-ஆம் நம்பர் நூல் ஓடும் மூன்று ரிங் பிரேமிலிருந்து (நூல் நூற்கும் இயந்திரம்) தலா நான்கு காப் (நூல் சுற்றிய குழல்) எடுத்து, கவுண்ட் (நூலின் பருமனைச் சொல்லும் எண்; குறைந்தால் நூல் தடிப்பு) பார்த்து, பிரேமுக்கு ஒரு வெக்டர் (எண்களின் வரிசை) வீதம் ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் ஏற்றியிருக்கிறீர்கள். முதல் பிரேமுக்கு 40.2, 39.8, 40.1, 39.9. இரண்டாவதுக்கு 40.6, 40.4, 40.7, 40.3. மூன்றாவதுக்கு 39.1, 39.3, 39.0, 39.4. கால்குலேட்டரில் போட்டால் பிரேம்வாரி சராசரி 40.0, 40.5, 39.2 என்று வருகிறது. மேட்ரிக்ஸ் (அணி) ஆக்கி ஆர்-இடம் கேட்டால் 40.025, 39.925, 39.75 என்கிறது. காப் பெயரையும் ஒரு வெக்டராகச் சேர்த்தால் கணக்கே ஓட மாட்டேன் என்கிறது. மேட்ரிக்ஸ், சிபைண்ட், ஆர்பைண்ட் மூன்றில் எதை எப்போது எடுப்பது, போன மாதக் கணக்கெல்லாம் தப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கட்டளைகளைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: எந்த எண் எந்த பிரேமுடையது என்று ஆர்-க்கு எப்படித் தெரியும்? தெரியாதுங்க. எண்கள் வந்த வரிசை மட்டும்தான் அதற்குத் தெரியும். மீதியை நாம்தான் சொல்ல வேண்டும்.

கோவை, திருப்பூர் வட்டாரத்து மில்களில் பல வருடம் தரப் பரிசோதனையில் இருந்துவிட்டு, இப்போது லேப் ஆட்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் குழப்பம் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் வருவதுதான். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், ட்ரூ, ஃபால்ஸ், என்ஏ மூன்றையும் பெரிய எழுத்திலும், கால்மீன்ஸின் நடுவில் வரும் எம்-ஐ மட்டும் பெரிய எழுத்திலும், மற்றதைச் சின்ன எழுத்திலும் தட்டுங்கள். நிரை என்றால் படுக்கைவாட்டு வரிசை, நிரல் என்றால் நெடுக்குவாட்டு வரிசை, பள்ளிக்கூடத்து அணிப் பாடத்தில் வருவதேதான்.

நிச்சயமாகச் சொல்ல முடிந்ததிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கட்டளை மேட்ரிக்ஸ்(சி(பிரேம்1, பிரேம்2, பிரேம்3), என்ரோ=4, பைரோ=ட்ரூ). என்ரோ=4 என்றால் நான்கு நிரை. இதில் உள்ளே இருக்கும் சி என்பது மூன்று வெக்டரையும் ஒட்டி 12 எண் கொண்ட ஒரே வெக்டராக ஆக்கிவிடுகிறது. எங்கே ஒட்டினோம் என்ற தடம் அந்த இடத்திலேயே அழிந்துவிட்டது. அப்புறம் பைரோ=ட்ரூ என்று சொன்னதால், அந்தப் 12 எண்ணும் நிரை நிரையாக, மூன்று மூன்றாக நிரம்புகின்றன. முதல் நிரையில் 40.2, 39.8, 40.1. முதல் பிரேமின் நான்காவது காப்பான 39.9 இரண்டாம் நிரைக்குத் தள்ளப்பட்டு, அதன் பக்கத்தில் இரண்டாவது பிரேமின் 40.6, 40.4 உட்காருகின்றன. மூன்றாம் நிரையில் 40.7, 40.3, 39.1. கடைசியில் 39.3, 39.0, 39.4. இப்போது முதல் நிரலைப் பாருங்கள்: 40.2, 39.9, 40.7, 39.3. மூன்று பிரேமின் நூலும் கலந்து கிடக்கிறது. கூட்டினால் 160.1, நான்கால் வகுத்தால் 40.025. ஆர் சொன்ன எண் அதேதான். கணக்கில் பிழை இல்லை, அடுக்கியதில்தான் பிழை.

இதில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மொத்தக் கூட்டல் இரண்டு விதத்திலும் 478.8, மொத்தச் சராசரி இரண்டிலும் 39.9. நம் ஊரில் கணக்குச் சரிபார்ப்பது என்றால் கடைசிக் கூட்டல் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்போம். அந்தச் சோதனை இங்கே ஒன்றும் காட்டிக்கொடுக்காது. அதைவிட மோசம், பிரேமுக்குப் பிரேம் இருந்த வித்தியாசம் கரைந்துபோனது. உண்மையில் இரண்டாவது பிரேமுக்கும் மூன்றாவதுக்கும் 1.3 கவுண்ட் இடைவெளி. கலைந்த மேட்ரிக்ஸில் அதிகபட்ச இடைவெளி 0.275. மூன்று பிரேமும் ஒரே மாதிரி ஓடுகிறது என்று ஸ்பின்னிங் மாஸ்டருக்கு ரிப்போர்ட் போயிருக்கும். நீங்கள் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

ஆர் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஆர்-இல் மேட்ரிக்ஸ் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஒரு நீளமான வெக்டர், அதன் மேல் டிம் என்று ஒரு குறிப்பு: 4 நிரை, 3 நிரல். அவ்வளவுதான். ஒரே நீள நூலை எந்த இடத்தில் மடிப்பது என்று எழுதி ஒட்டிய சீட்டு மாதிரி. அந்தச் சீட்டை நீங்களே கையால் மாற்றலாம். 12 எண் உள்ள வெக்டருக்கு டிம் 4, 3 என்று கொடுத்தால் அந்த நொடியே அது மேட்ரிக்ஸ். நினைவகத்தில் எண்கள் எப்போதும் நிரல் நிரலாகவே கிடக்கும்: முதல் நிரல் முழுக்க மேலிருந்து கீழே, அப்புறம் இரண்டாவது நிரல். இது ஃபோர்ட்ரான் வழக்கம். 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட அந்தக் கணினி மொழியில் எழுதிய புள்ளியியல் புரோகிராம்களின் மேல்தான், 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் எஸ் மொழியைக் கட்டத் தொடங்கினார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990-களில் ஆர்-ஐ உருவாக்கியபோது எஸ் மொழியின் வழக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள். முதல் முழுப் பதிப்பு 2000 பிப்ரவரி 29-இல் வந்தது. வழக்கம் இன்றும் மாறவில்லை. பைரோ=ட்ரூ போட்டாலும், நிரப்பும் விதம்தான் மாறும். உள்ளே கிடப்பது பழையபடி நிரல் நிரலாகத்தான். உங்கள் மில்லில் யாராவது பைத்தான் மொழியில் நம்பை (NumPy) என்ற எண் கணக்குத் தொகுப்பை வைத்து இதே வேலையைச் செய்தால், அங்கே இயல்பாகவே நிரை நிரையாக நிரம்பும். இரண்டு பேர் முடிவும் ஒத்துப்போகாமல் தகராறு வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் கட்டளையில் பைரோ=ட்ரூ என்பதை எடுத்துவிட்டாலே சரியான விடை வந்துவிடும். ஆனாலும் நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். தனித்தனி வெக்டர்கள் கையில் இருக்கும்போது அவற்றை ஒட்டி, பிறகு மறுபடி வெட்டுவானேன்? சிபைண்ட்(பிரேம்1, பிரேம்2, பிரேம்3) என்றால் ஒவ்வொரு வெக்டரும் ஒரு நிரலாக நிற்கும். வெக்டரின் பெயரே நிரலின் தலைப்பாகவும் வந்துவிடும். அந்தத் தலைப்பு சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது எது எந்த பிரேம் என்று சொல்வது அதுதான். ஆர்பைண்ட் இதேதான், வெக்டர் ஒவ்வொன்றும் நிரையாக நிற்கும். எதை எடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் வழி இது: கையில் இருக்கும் ஒரு வெக்டர் ஒரே அளவீட்டின் பல மதிப்புகளா, அல்லது ஒரே காப்பின் பல அளவீடுகளா? ஒரு பிரேமின் நான்கு கவுண்ட் என்றால் சிபைண்ட். ஒரு காப்பின் கவுண்ட், லீ பலம் (120 கெஜ நூல் கண்டின் இழு வலிமை), சிஎஸ்பி (கவுண்டையும் லீ பலத்தையும் பெருக்கி வரும் எண்) என்று மூன்று எண்ணும் ஒரு வெக்டராக இருந்தால் ஆர்பைண்ட். மேட்ரிக்ஸ் கட்டளையை, எண்கள் ஏற்கெனவே ஒரே நீள வரிசையாக வந்திருக்கும்போது எடுங்கள். உதாரணமாக, தராசிலிருந்து கணினிக்கு நேராக இறங்கும் லீ எடைகள். 120 கெஜ லீயின் எடை கிராமில் இருந்தால் 64.8-ஐ அந்த வெக்டரால் வகுத்தாலே போதும், மொத்தமும் கவுண்டாக மாறிவிடும் (1.62 கிராம் என்றால் 40). அந்த இடத்தில் மட்டும், ஆபரேட்டர் எந்த வரிசையில் எடை போட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பைரோவை முடிவு செய்ய வேண்டும்.

சிபைண்ட் போட்டால் தப்பே வராது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் ஒரு பழக்கம் உண்டு: நீளம் குறைந்த வெக்டரை முதலிலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பிவிடும். மூன்றாவது பிரேம் டாஃபுக்கு (நிரம்பிய காப்புகளைக் கழற்ற) நின்றிருந்ததால் இரண்டே காப் கிடைத்தது என்று வையுங்கள்: 39.1, 39.3. சிபைண்ட் அதை 39.1, 39.3, 39.1, 39.3 என்று நான்காக்கிவிடும். நான்கை இரண்டு மீதியின்றி வகுக்கும் என்பதால் எச்சரிக்கைகூட வராது. மூன்று காப் இருந்தால்தான் எச்சரிக்கை. சராசரி 39.2 என்று சரியாகவே வரும், அதுதான் ஆபத்து. சிதறலைப் பாருங்கள்: இரண்டு காப்பின் திட்ட விலக்கம் 0.141, இரட்டிப்பாக்கிய நான்கின் திட்ட விலக்கம் 0.115. மாறுபாட்டுக் கெழு 0.36 சதவீதத்திலிருந்து 0.29 சதவீதமாக இறங்கிவிடுகிறது. இல்லாத காப்புகளை வைத்து நூல் சீராக ஓடுகிறது என்று சான்றிதழ் கொடுத்த கதை. மேட்ரிக்ஸ் கட்டளையும் இதே மாதிரி சுற்றி நிரப்பும்.

இதற்கு நான் வகுப்பில் சொல்வது, சேர்ப்பதற்கு முன்னால் ஸ்டாப்இஃப்நாட் என்ற கட்டளையால் மூன்று வெக்டரின் நீளமும் சமம்தானா என்று ஒரு வரியில் கேட்டுவிடுங்கள். சமமில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். குறைந்த வெக்டரை வேண்டுமென்றே நீட்ட வேண்டுமானால், லெங்த்(பிரேம்3) என்பதற்கு 4 என்று மதிப்புக் கொடுங்கள். காலி இடங்களில் என்ஏ என்று விழும். பிறகு நிரல்வாரி சராசரி எடுக்கும் கால்மீன்ஸ் கட்டளையைப் போடும்போது என்ஏ.ஆர்எம்=ட்ரூ என்றால் உள்ளதை மட்டும் வைத்துச் சராசரி எடுக்கும். இல்லாததை இல்லை என்று எழுதுவது லேப் நோட்டுக்கும் பொருந்தும்.

காப் பெயர் விவகாரம். ஒரு மேட்ரிக்ஸுக்குள் ஒரே வகைதான் இருக்க முடியும். எண்ணோடு ஓர் எழுத்து வெக்டரைச் சேர்த்தால், எழுத்தை எண்ணாக்க வழியில்லை என்பதால் எல்லா எண்ணையும் ஆர் எழுத்தாக்கிவிடும். அச்சிட்டுப் பார்த்தால் 40.2 என்பது மேற்கோள் குறிக்குள் நிற்கும். கால்மீன்ஸ், எண் கொடு என்று சொல்லிப் பிழை காட்டுவது அதனால்தான். இப்படிப் பிழை காட்டி நின்றால்கூடப் பரவாயில்லை. பிரேம் பெயரை ஃபேக்டர் வகையாக (பெயர்களைக் குழுக்களாக வைக்கும் வகை) வைத்திருந்தால் சிபைண்ட் அதை 1, 2, 3 என்ற உள் எண்ணாக்கிச் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். தேதி வெக்டரும் அப்படித்தான், 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நாள் என்ற எண்ணாக மாறிவிடும். அந்த நிரலுக்கும் சராசரி கேட்டால் சொல்லும், அர்த்தம்தான் இருக்காது. பெயரை உள்ளே போடாமல் ரோநேம்ஸ் வழியாக நிரைத் தலைப்பாக வையுங்கள். எழுத்தும் எண்ணும் தேதியும் கலந்துதான் வேண்டும் என்றால் டேட்டா.ஃப்ரேம் போங்கள், அங்கே ஒவ்வொரு நிரலும் தன் வகையைக் காப்பாற்றிக்கொள்ளும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் போவீர்கள். ஒவ்வொரு காப்பும் தன் பிரேமின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க, மேட்ரிக்ஸிலிருந்து கால்மீன்ஸைக் கழிக்கத் தோன்றும். அப்படியே கழிக்காதீர்கள். 40.0, 40.5, 39.2 என்ற மூன்று எண்ணும் நிரல் வழியே மேலிருந்து கீழாக இறங்கும். முதல் பிரேமின் முதல் காப்பிலிருந்து 40.0, இரண்டாவதிலிருந்து 40.5, மூன்றாவதிலிருந்து 39.2 என்று கழித்து, முதல் பிரேமுக்கு 0.2, -0.7, 0.9, -0.1 என்று தரும். வரவேண்டியது 0.2, -0.2, 0.1, -0.1. 12-ஐ மூன்று சரியாக வகுப்பதால் இங்கேயும் எச்சரிக்கை கிடையாது. இதற்கென்று ஸ்வீப் என்ற கட்டளை இருக்கிறது: ஸ்வீப்(மேட்ரிக்ஸின் பெயர், 2, கால்மீன்ஸ்(மேட்ரிக்ஸின் பெயர்)). அந்த 2 என்பது நிரல்வாரி என்று பொருள், 1 என்றால் நிரைவாரி. அதேபோல் ஒரே ஒரு நிரையை மட்டும் வெளியே எடுத்தால் அது மேட்ரிக்ஸ் தன்மையை இழந்து வெறும் வெக்டராகிவிடும்; அப்படி ஆகக் கூடாது என்றால் ட்ராப்=ஃபால்ஸ் சேர்க்க வேண்டும்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத பக்கம். போன மாதக் கணக்கெல்லாம் தப்பா? உங்கள் பழைய கோப்புகளைப் பார்க்காமல் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. அதே கட்டளையைத்தான் நகல் எடுத்து ஓட்டினீர்கள் என்றால் தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நிரைவாரி எழுதிய தாளிலிருந்து எண்களை ஏற்றிய நாட்களில் பைரோ=ட்ரூ சரியாகவே இருந்திருக்கும். சோதிக்க எளிய வழி: ஒவ்வொரு நாளின் மேட்ரிக்ஸிலும் முதல் நிரலை மட்டும் அச்சிட்டு, லேப் நோட்டில் முதல் பிரேமுக்கு எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். முதல் நிரல் ஒத்துப்போனால் மற்றதும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

சரியாக அடுக்கிய பிறகு மூன்றாவது பிரேம் 39.2 என்று தடித்து நிற்கிறதே, பிரேமில் கோளாறா என்பதிலும் அவசரப்பட வேண்டாம். 40-க்கு 39.2 என்றால் இரண்டு சதவீதம். லீ எடையில் 33 மில்லிகிராம்தான். பருத்தி நூல் ஈரத்தை இழுக்கும். அந்தக் காப்புகளை மட்டும் பிரேமடியிலிருந்து நேராகக் கொண்டுவந்து எடை போட்டிருந்து, நூலின் ஈரம் மற்றதைவிட ஒன்றரை சதவீதம் கூட இருந்திருந்தால், 40 கவுண்ட் நூலே 39.4, 39.5 என்று காட்டும். காப்புகளை எல்லாம் ஒரே சமயம், 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்துப் பதப்படுத்திய பிறகு எடை போட்டீர்களா என்று பாருங்கள். பதப்படுத்தியும் 39.2 என்றால் ரோவிங்கையும் (பிரேமுக்குள் போகும் தடித்த இழை) டிராஃப்டையும் (அதை இழுத்து மெல்லிசாக்கும் அளவு) பார்க்கச் சொல்லலாம். நான்கு காப் என்பதும் ரொம்பக் குறைவு, கூட எடுங்கள். இந்த முடிவை எந்த மொழியும் உங்களுக்காக எடுத்துத் தராது. கவுண்ட் மாறுபாட்டுக்கு எந்த அளவு வரை பொறுக்கலாம் என்பதற்கு, கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா வெளியிடும் அளவுகோல்கள் உங்கள் மில் அலுவலகத்திலேயே இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று, எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உங்கள் மாதிரித் தரவுக்கு மேட்ரிக்ஸே வேண்டாம் என்பேன். முதல் பிரேமின் முதல் காப்புக்கும் இரண்டாவது பிரேமின் முதல் காப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெறுமனே இரண்டும் முதலில் கைக்கு வந்தவை. அவற்றை ஒரே நிரையில் வைத்தால், யாராவது ஒருநாள் நிரைவாரி சராசரியும் போட்டு அதற்கு ஒரு விளக்கமும் சொல்வார்கள். நிரை என்பது ஷிப்டாக இருந்து, ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொரு பிரேமிலும் ஓர் எண் என்றால் மேட்ரிக்ஸ் அழகாகப் பொருந்தும். இல்லையென்றால் டேட்டா.ஃப்ரேமில் நிரைக்கு ஒரு காப், நிரல்களாகத் தேதி, பிரேம், காப் எண், கவுண்ட் என்று நீளமாக எழுதிவிட்டு, டிஅப்ளை கட்டளையால் பிரேம்வாரி சராசரி கேளுங்கள். ஒவ்வொரு எண்ணும் தன் பிரேமின் பெயரைப் பக்கத்திலேயே வைத்திருக்கும். ஒரு பிரேமில் இரண்டு காப், இன்னொன்றில் ஐந்து என்று இருந்தாலும் பிரச்சினை இல்லை. நாளுக்கு நாள் சேரும் தரவை லூப்புக்குள் ஆர்பைண்ட் போட்டுக் கீழே ஒட்டிக்கொண்டே போகாதீர்கள், ஒவ்வொரு முறையும் பழையது முழுவதையும் நகல் எடுப்பதால் வருடக் கணக்குக்குத் திணறும். ஒவ்வொரு நாளையும் ஒரு லிஸ்டில் போட்டுவைத்து, கடைசியில் டூ.கால் வழியாக ஒரே ஆர்பைண்டில் சேர்த்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏதாவது ஒத்துப்போகவில்லை என்றால், எஸ்டிஆர் என்ற கட்டளைக்குள் உங்கள் மேட்ரிக்ஸின் பெயரைப் போட்டு, வருவதன் முதல் வரியை இங்கேயே கீழே போடுங்கள். எண்ணா எழுத்தா, எத்தனை நிரை, எத்தனை நிரல் என்று அதிலேயே தெரிந்துவிடும்.